பச்சை, நீலம், மஞ்சள்: கண்ணைக் காப்பாற்ற வந்த கண்ணாடிகள்

கண்ணாடிக் கடைகளில் இப்ப ஒரு வித்தை காட்டுகிறார்கள். ஒரு சின்ன டோர்ச் பேனா, ஒரு வெள்ளை அட்டை, இரண்டு வில்லைகள். பேனாவை அமத்தினால் அட்டையில் ஊதாநீலப் புள்ளி ஒன்று விழும். சாதாரண வில்லையை இடையில் பிடித்தால் புள்ளி அப்படியே இருக்கும். ‘புளூ கட்’ வில்லையைப் பிடித்தால் புள்ளி காணாமல் போகும். பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு அதுக்குப் பிறகு கேள்வியே இல்லை. பிள்ளை ஏ.எல். படிக்குது, விடிஞ்சால் பொழுதுபட்டால் போனும் லப்டொப்பும்தான், கண் பழுதாப் போனால் என்ன செய்யிறது? காசு கொஞ்சம் கூடத்தான் போகும், போகட்டும்.

எங்களில் பாதிப்பேருக்கு மேல் கண்ணாடி போடுகிறவர்கள். ஒன்லைன் வகுப்புக் காலத்துக்குப் பிறகு அந்தத் தொகை இன்னும் கூடிவிட்டது. அதனால்தான் இந்த நீல வெளிச்சக் கதை எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தோம். தேடத்தேட அது பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நிறம் கண்ணுக்குக் கூடாது, இன்னொரு நிறம் கண்ணுக்கு நல்லது என்ற நம்பிக்கை மின்சாரத்தை விடவும் மூக்குக்கண்ணாடியை விடவும் பழையது. காலத்துக்குக் காலம் அந்த நிறம்தான் மாறியிருக்கிறது.

முதலில் பச்சை. உரோமாபுரியின் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலில், மரகதத்தின் பச்சையைப் போல் கண்ணுக்கு இதம் தருவது வேறொன்றும் இல்லை என்கிறார். இரத்தினக் கல் செதுக்குகிறவர்கள் கண் களைத்தால் மரகதத்தைப் பார்த்து ஆறிக்கொள்வார்களாம். நீரோ மன்னன் வாட்போர் வீரர்களின் சண்டையை ஒரு மரகதத்தைக் கொண்டுதான் பார்த்தான் என்பதும் அவர் எழுதியதுதான். கல்லுக்கூடாகப் பார்த்தானா, அதில் விழுந்த விம்பத்தைப் பார்த்தானா என்று அறிஞர்கள் இன்றும் பிடுங்குப்படுகிறார்கள். எங்கட ஆக்களும் பச்சையைக் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றுதானே சொல்லுவினம். வெயில் கண்ணாடிக்குத் தமிழில் ஊன்றிப்போன பெயரே ‘கூலிங் கிளாஸ்’. வெளிச்சத்தைக் குறைக்கிற சாமானுக்குச் சூட்டைத் தணிக்கிற பெயர்.

பச்சைக் கண்ணாடியை வாங்கிய ஒருவரின் கதை எழுத்திலேயே இருக்கிறது. சாமுவேல் பீப்ஸ், இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தில் இருந்த அதிகாரி. அவருடைய நாட்குறிப்புத்தான் இலண்டனின் பெருந்தீயைப் பற்றியும் கொள்ளைநோயைப் பற்றியும் இன்றைக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுகிற ஆவணம். பகல் முழுக்கக் கணக்கு, இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் திரும்பவும் கணக்கு, அதுக்குப் பிறகு சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு. கண் எரிந்தது, நொந்தது, தண்ணீர் வடிந்தது. 1666 டிசெம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல் நாள், கண்ணுக்கு உதவுதோ பார்ப்போம் என்று ஒரு சோடி பச்சைக் கண்ணாடி வாங்கினார். பிறகு கடதாசியைக் குழாயாகச் சுருட்டி அதற்கூடாக வாசித்துப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. 1669 மே 31ஆம் திகதி, எழுதினால் கண் போய்விடும் என்ற பயத்தில் நாட்குறிப்பையே நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 36.

ஆனால் அவருடைய கண் போகவில்லை. 1703இல் சாகும் வரைக்கும் பார்வையோடுதான் இருந்தார். அவர் எழுதி வைத்த அறிகுறிகளை வாசித்த பிற்காலக் கண் வைத்தியர்கள் பலர், அவருக்கு இருந்தது திருத்தப்படாத தூரப்பார்வை என்கிறார்கள். அதாவது கிட்டப் பார்க்கும்போது கண் அளவுக்கு மிஞ்சி முக்கவேண்டிய குறை. சரியான ‘பவர்’ உள்ள வெள்ளைக் கண்ணாடி ஒன்று கிடைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பச்சையில் பிழை இல்லை, கேள்விதான் இடம்மாறிப் போச்சு. உலகத்தின் ஆகச் சிறந்த நாட்குறிப்புகளில் ஒன்று பாதியில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கும்போது எங்களுக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் நீலம் உள்ளே வருகிறது, அதுவும் நண்பனாக. காதுப்பக்கத் தண்டில் இரட்டைப் பிணைச்சல் வைத்த மூக்குக்கண்ணாடியை 1752இல் அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் அய்ஸ்கொவ் என்ற இலண்டன் கண்ணாடிக்காரர். வெள்ளைக் கண்ணாடி கண்ணைக் கூசச் செய்கிறது, பச்சை அல்லது நீலம் பூசியதே நல்லது என்பது அவருடைய கட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் தூசுக்கும் வெளிச்சத்துக்குமாகப் பக்கத்திலும் மறைப்பு வைத்த நிறக் கண்ணாடிகள் விற்பனைக்கு வந்தன. கதைகளிலும் அவை புகுந்தன. எட்கார் அலன் போவின் துப்பறிவாளர் டுப்பன் 1844இல் வெளிவந்த கதை ஒன்றில் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறார், கண் வருத்தம் என்று சாட்டுச் சொல்லி அறையை நோட்டம் விடுவதற்கு. எச். ஜி. வெல்ஸின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ 1897இல் பெரிய நீலக் கண்ணாடியோடு வந்து இறங்குகிறான். 1900இல் வெளிவந்த ‘ஓஸ் மந்திரவாதி’ கதையில் மரகத நகரத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் பச்சைக் கண்ணாடியைப் பூட்டி விடுகிறார்கள். மற்ற ஊர்களை விட அந்த ஊரில் ஒன்றும் கூடுதல் பச்சை இல்லை, கண்ணாடிதான் பச்சை. படமாகப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி தெரியாது, புத்தகத்தில்தான் இருக்கிறது.

நீலம் நண்பனாக இருந்ததன் உச்சம் அமெரிக்காவில். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒகஸ்டஸ் பிளெசன்டன் என்ற ஜெனரல் 1860களின் தொடக்கத்தில் முந்திரிகைக் கொடிகளுக்காகக் கண்ணாடி வீடு ஒன்று கட்டினார். எங்கட ஊர் ஆக்களுக்கு விளங்கும், முந்திரிகை வளர்க்கிறவன் எல்லாருக்கும் ஒரு இரகசியம் இருக்கும். இவருடைய இரகசியம், கூரையின் வெள்ளைக் கண்ணாடி வரிசைகளுக்கு இடையில் இடைவெளி விட்டு வைத்த நீலக் கண்ணாடி வரிசைகள். கொடி பாய்ந்து வளர்ந்தது என்றார். பிறகு பன்றிக் குட்டிகளை நீல வெளிச்சத்தில் வளர்த்தார், அவையும் கொழுத்தன என்றார். 1876இல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். நீலத் தாளில், நீல மையில். வாசிக்கிறவருடைய கண்ணுக்கு நல்லதாம்.

அடுத்த வருடம் நாடே நீலமாகிவிட்டது. சனம் யன்னல்களுக்கு நீலக் கண்ணாடி போட்டு, அதற்குக் கீழே இருந்து வாதம், நோ, களைப்பு எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்தது. ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகை 1877இல் தொடர்ந்து எழுதி இதை உடைத்தது. அவர்கள் சொன்னது சின்ன விசயம்தான். நீலக் கண்ணாடி வெயிலுக்கு ஒன்றையும் கூட்டுவதில்லை, மற்ற நிறங்களைத் தடுத்து வெயிலைக் குறைக்கத்தான் செய்கிறது. நீலக் கண்ணாடிக்குக் கீழே இருப்பதும் கொஞ்சம் நிழலில் இருப்பதும் ஒன்றுதான். மோகம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை, நீல வெளிச்சம் உண்மையிலேயே மருந்தாகிற இடம் ஒன்று பிறகு வந்தது. 1950களில் இங்கிலாந்தின் ரொச்போர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வோட் என்ற தாதி, செங்கண்மாரி வந்த சிசுக்களை வெயிலில் வைத்தால் மஞ்சள் குறைவதைக் கவனித்தார். வைத்தியர்கள் அதை ஆராய்ந்து 1958இல் எழுதினார்கள். இன்றைக்கு எங்கட ஆஸ்பத்திரிகளிலும் பிறந்த பிள்ளைகளை நீல விளக்கின் கீழ் வளர்த்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் தேங்கிய பிலிரூபினை அந்த வெளிச்சம் வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. பிள்ளையின் கண்ணை மட்டும் துணியால் மூடி வைப்பார்கள்.

வெறும் நம்பிக்கையாக இருந்த நிறக் கண்ணாடி விஞ்ஞானமானது உலைக்கூடத்தில்தான். கண்ணாடி ஊதுகிற தொழிலாளர்களுக்கு, கற்றரக்ட் என்று நாங்கள் சொல்கிற கண்புரை, மற்றவர்களை விட வேளைக்கே வந்தது. வருடக்கணக்காக உருகிய கண்ணாடியின் தணலைப் பார்த்துக்கொண்டே நிற்கிற வேலை. பிரித்தானியாவின் றோயல் சொசைற்றி இதற்கென்று ஒரு குழு அமைத்தது. தலியம் என்ற மூலகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குறூக்ஸ் அதில் இறங்கி வேலை செய்தார். எண்பது வயதை நெருங்கிய கிழவர், கண்ணாடிக் குழம்பில் ஒவ்வொரு உலோக ஒட்சைட்டாகக் கலந்து, எது எந்தக் கதிரைத் தடுக்கிறது என்று அளந்துகொண்டே போனார். செரியம் கழியூதாக் கதிரை நன்றாகத் தடுத்தது. இரும்பு செந்நிறக்கீழ் கதிரை, அதாவது வெக்கையைத் தடுத்தது. முடிவுகள் 1914இல் அச்சாயின.

இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த ஆள் இவர்தான். கண்ணில் என்ன பழுது, அது யாருக்கு வருகிறது, எந்தக் கதிரால் வருகிறது என்ற வரிசையில் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடி செய்யப் போனார். ஆனால் அவருடைய பெயரில் வந்த ‘குறூக்ஸ்’ வில்லைகள் உலைக்கூடத்தோடு நிற்கவில்லை. இலேசான சாம்பல் நிறத்தில் கடைகளுக்கு வந்து, அடுப்படித் தணலைக்கூடக் கிட்ட நின்று பார்க்காத கனவான்களின் மூக்கில் ஏறின.

அதற்குப் பிறகு வந்த வெயில் கண்ணாடியின் காலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1929இல் அமெரிக்காவின் அத்லாந்திக் சிற்றிக் கடற்கரையில் சாம் பொஸ்டர் மலிவு விலைக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கினார். 1930களில் எட்வின் லாண்டின் போலறோயிட் வில்லையும் விமானிகளுக்கான பச்சை வில்லையும் வந்தன, ரேபான் வந்தது. எங்கட பக்கத்தில் எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் கறுப்புக் கண்ணாடியை முகத்தின் ஒரு உறுப்பாகவே ஆக்கினார்கள்.

நீலம் எதிரியானது 1976இல். அமெரிக்காவில் வில்லியம் ஹாமும் அவருடைய சகாக்களும் குரங்குகளின் விழித்திரையில் வெவ்வேறு அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அலைநீளம் குறையக் குறைய, அதாவது நீலத்தை நோக்கிப் போகப் போக, குறைந்த சக்தியிலேயே விழித்திரை பழுதானது. ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்த இந்த ஆய்வு பிழையில்லை. வெல்டிங் வேலைக்காரருக்கும், சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பவருக்கும் நடப்பது இந்தச் சேதம்தான். ஆனால் அவர்கள் பாய்ச்சியது கண்ணுக்குள் குவித்துவிட்ட கடும் ஒளி. அந்த வித்தியாசம் விளம்பரத்தில் வராது.

விளம்பரம் 1986இல் வந்தது. ஜோசப் சுகர்மன் என்பவர் தபால் மூலம் சாமான் விற்பதில் கெட்டிக்காரர், விளம்பரம் எழுதுவது எப்படி என்று புத்தகமே போட்டவர். அவர் இறக்கியதுதான் ‘புளூபுளொக்கர்’. கடும் செம்மஞ்சள் நிற வில்லை, நீலத்தை முழுக்கத் தடுக்கும். தொலைக்காட்சியில் நீண்ட விளம்பரம், வீதியில் போகிறவர் வாறவரைப் பிடித்து மாட்டிவிட்டால் “ஆ!” என்கிறார்கள். அது நடிப்பில்லை. காற்றில் ஆகக் கூடுதலாகச் சிதறுவது நீலம், அதை எடுத்துவிட்டால் தூரத்துக் காட்சி கூர்மையாகத் தெரியும், உலகமே வெளிச்சமானது போல இருக்கும். ஆனால் அந்த உணர்வு வேறு, உண்மையில் கூடத் தெரிவது வேறு. இரவில் வாகனம் ஓட்ட என்று விற்கிற மஞ்சள் கண்ணாடிகளை 2019இல் அமெரிக்காவின் ஸ்கெப்பன்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 22 பேரை வைத்துச் சோதித்தார்கள். வீதியில் நடந்து வருபவரைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. இரவில் கண்ணுக்கு வருகிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கை வெட்டினால் வேறென்ன நடக்கும்?

பிறகு எங்கட காலம். 1993இல் ஜப்பானில் சுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். அதற்கு வழி திறந்த அகசாகி, அமனோ ஆகியோருடன் சேர்த்து 2014இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு வீட்டில் எரிகிற வெள்ளை பல்ப் பெரும்பாலும் உள்ளுக்குள் ஒரு நீல எல்.இ.டி.தான். அதற்கு மேல் பூசிய மஞ்சள் பொசுபர் நீலத்தில் ஒரு பங்கை வாங்கி மஞ்சளாகக் கக்குகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த மஞ்சள் பூச்சில் இருப்பதும் செரியம். தொழிலாளியின் கண்ணைக் காக்கக் குறூக்ஸ் கண்ணாடியில் கலந்த அதே மூலகம்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நித்திரை பற்றிய விஞ்ஞானமும் வளர்ந்தது. விழித்திரையில் மெலனொப்சின் என்ற நிறப்பொருள் கொண்ட கலங்கள் இருக்கின்றன, அவை பார்ப்பதற்கு இல்லை, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கு. 480 நானோமீற்றர் அளவிலான நீலத்துக்குத்தான் அவை கூட உணர்வுள்ளவை. இரவில் அந்த வெளிச்சம் பட்டால் மெலடொனின் சுரப்பது பிந்தும். இது ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். 2014 கடைசியில் வந்த பிரபல ஆய்வில் 12 பேர், ஐந்து இரவுகள், ஒவ்வொரு இரவும் நான்கு மணித்தியாலம், முழு வெளிச்சத்தில் வைத்த ஐபாட்டில் வாசித்தார்கள். கடதாசிப் புத்தகம் வாசித்த இரவுகளை விட நித்திரை பிந்தியது கிட்டத்தட்ட 10 நிமிடம். ‘இன்னும் ஒரு எபிசோட்’ என்று நாங்கள் பிந்துவது இதை விட எவ்வளவோ கூட.

இந்த இரண்டு உண்மைகளையும், குரங்கின் விழித்திரையையும் மெலடொனினையும், ஒன்றாகக் கட்டி வேறொரு சாமானை விற்கத் தொடங்கினார்கள். கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறவரின் கண் நோவுக்குக் கண்ணாடி. ஜப்பானின் ஜின்ஸ் நிறுவனம் 2011இல் இறக்கிய கம்பியூட்டர் கண்ணாடி பெரும் எடுப்பில் விற்றது. பிரித்தானியாவில் பூட்ஸ் கண்ணாடிக் கடைகள், திரையின் நீல வெளிச்சம் விழித்திரையைப் பழுதாக்கும் என்ற தொனியில் விளம்பரம் செய்ததற்காக 2017இல் 40,000 பவுண் தண்டம் கட்டின. 2023இல் கொக்ரேன் அமைப்பு 17 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. கம்பியூட்டர் வேலையால் வருகிற கண் களைப்பை இந்த வில்லைகள் சாதாரண வில்லையை விடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. எல்லாம் ஐந்து கிழமைக்கு உட்பட்ட சிறிய பரிசோதனைகள்தான். நித்திரையைப் பற்றி நிச்சயமாக எதையும் சொல்ல அவை போதவில்லை.

ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு அதே ஆய்வாளர்கள் இரண்டு கணக்குச் சொன்னார்கள். திரையிலிருந்து கண்ணுக்கு வருகிற நீலம், பகல் வெளிச்சத்தில் வருவதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டில். அந்தக் கொஞ்சத்திலும் கடையில் விற்கிற வில்லைகள் தடுப்பது 10 முதல் 25 வீதம்தான். பேனா வித்தையின் சூட்சுமமும் இதோடுதான் இருக்கிறது. அந்தப் பேனாக்கள் பொதுவாக விடுவது 405 நானோமீற்றர் அளவிலான ஊதா. அதைத் தடுப்பது லேசு, கண்ணாடி வெள்ளையாகவே இருக்கும். திரையின் நீலம் உச்சமாக இருப்பதோ 450 அளவில். அதை உண்மையில் தடுக்கிற வில்லை மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தே ஆகவேண்டும், ஒளியில் இருந்து நீலத்தை எடுத்தால் மிச்சம் அந்த நிறம்தானே. ஒரு திரையில் தனி நீலத்தைப் போட்டுக் கண்ணாடிக்கூடாகப் பாருங்கள். நன்றாகத் தடுக்கிற வில்லையில் அது கறுத்துத் தெரியும். நீலமாகவே தெரிந்தால் தடுப்பது சொற்பம்.

அப்ப கண் ஏன் நோகுது? 1993இல் இரண்டு ஜப்பானிய வைத்தியர்கள் ஆட்கள் கண் சிமிட்டுவதை எண்ணினார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 தடவை, புத்தகம் வாசிக்கும்போது 10, திரையைப் பார்க்கும்போது 7. சிமிட்டாத கண் காய்கிறது. அதற்கு மேல் முகத்துக்கு நேரே பான் காற்று. கிட்டவே பார்த்துக்கொண்டிருக்கிற தசை வேறு களைக்கிறது. இடைக்கிடை எழும்பி ஆறு மீற்றருக்கு அப்பால் எதையாவது பார்த்தால் அந்தத் தசை கொஞ்சம் ஆறும்.

நிறக் கண்ணாடியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெயிலுக்குப் போடுவதென்றால் நிறத்தைப் பார்க்காமல் ‘யுவி 400’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கழியூதாவைத் தடுக்காமல் கறுப்பாக மட்டும் இருக்கிற கண்ணாடிக்குள் கண்மணி விரிந்து கதிரைக் கூட உள்ளே விடும். மைக்கிரேன் உள்ளவர்களுக்கு எஃப்.எல்-41 என்ற ரோசா நிற வில்லை இருக்கிறது, கண் கூசுகிற சிலருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது, வைத்தியரிடம் கேட்டு எடுக்கலாம். இரவில் நித்திரை வராதவர்கள் படுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் செம்மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. 14 பேரை வைத்து 2018இல் செய்த ஆய்வொன்றில் பலன் தெரிந்தது, சின்ன ஆய்வுதான். அதுக்கு முதல் போனின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள், அது சும்மா கிடைக்கிறது. கண் நோவு தொடர்ந்தால் பீப்ஸுக்கு யாரும் செய்யாத வேலையைச் செய்விக்க வேண்டும், பவர் பார்ப்பது. அரச ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கலாம். லைன் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வில்லையை வாங்குகிற வீடுகளுக்கு ஒரு தகவல். சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, பாதிப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் வெளியில் செய்கிற பாடம் ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, வழமை போல இருந்த பாடசாலைகளில் 39.5 வீதமான பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்ட பாடசாலைகளில் 30.4 வீதம். 2015இல் வந்த ஆய்வு இது. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமினைக் கூட்டி, கண் நீண்டு வளர்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்கிற விளக்கம். எங்கட ஊரில் சனி ஞாயிறும் காலை ஏழு மணிக்கே ரியூசன் கொட்டிலுக்குள் போய்விடுகிற பிள்ளைகளுக்கு அந்த 40 நிமிடம் எந்த நேரத்தில் கிடைக்கும் என்று நேரசூசியைப் போட்டுப் பார்த்தோம். பின்னேரம் ஐந்தரைக்கு மேல்தான் வந்தது, அந்த நேரம் வெயில் தாழ்ந்துவிடும்.